பாப்பாவோட ரெண்டாவது ஊசி: ‘தாராவி வீடு’ குழு, சனிக்கிழமை ராத்திரி

கணேசன்: 27ஆம் தேதி தாதர் ரயில். மூணு டிக்கெட் உறுதி, ரெண்டு வெயிட்டிங். திருச்செந்தூர்ல ரூம் சொல்லியாச்சு.

பேச்சி: அத்தான், என் தம்பிகிட்ட இன்னும் யாரும் பேசலியே. அவன் மடியிலதான பாப்பாவுக்குக் காது குத்தணும்

கணேசன்: பேசுவோம்மா

முருகன்: நாசிக்ல நிக்கேன். போன்ல கிடந்த மெசேஜ் எல்லாம் இப்பதான் பாத்தேன். பாப்பாவுக்கு ஃப்ளூ ஊசி ரெண்டாவது டோஸ் 9ஆம் தேதியாம். லோன் வேணுமான்னு வாரதுக்கு நடுவுல கிடந்துச்சு

செல்வி: இன்னைக்கு 20!

பேச்சி: எனக்கு ஒண்ணும் வரலியே மதினி

செல்வி: கிளினிக்ல யார் நம்பர் குடுத்தது?

சரவணன்: அப்பாதான் எழுதுனாங்க அத்தை. சித்தப்பா நம்பர்

கணேசன்: தகப்பன் நம்பர் குடுக்காம?

செல்வி: தகப்பன் மாசத்துல இருபது நாள் ரோட்டுல. பிள்ளையத் தூக்கிட்டுப் போறது பேச்சி

கணேசன்: அதான் முன்னமே போட்டாச்சே. அட்டையில இன்ஃப்ளூயன்சேன்னு எழுதியிருக்கு

செல்வி: அண்ணே, அது ஹிப். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேங்கிற பாக்டீரியாவுக்கு. 1892ல ஃபைஃபர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் ஃப்ளூ வந்தவங்க சளியில அதப் பாத்துட்டு, ஃப்ளூவுக்கு இதுதான் காரணம்னு நெனச்சிட்டாரு. 1933லதான் மனுசங்ககிட்ட இருந்து ஃப்ளூ வைரஸைப் பிரிச்சு எடுத்தாங்க. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. ஹிப் ஊசி பென்டாவலன்ட்ங்கிற அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியில சேர்ந்து 6, 10, 14 வாரத்துல சர்க்கார் இலவசமாப் போடுறது. ஃப்ளூ ஊசி சர்க்கார் பட்டியல்ல கிடையாது. நாமதான் ஞாபகம் வச்சுக்கிடணும்

கணேசன்: சரி சரி

சரவணன்: கும்பார்வாடா முனையில முழங்கால் தண்ணி. யாரும் அந்த வழி வராதீங்க

முருகன்: அக்கா, மொதல்ல இருந்து போடணுமா? அதுக்கே ஒரு நாள் ஓட்டுன காசு போச்சு

செல்வி: வேண்டாம்டா. மொத ஊசி போட்டு 4 வாரம் ஆகுறதுக்கு முன்னாடிதான் ரெண்டாவது போடக் கூடாது. தள்ளிப்போனா மொத ஊசி வீணாகாது. 9 வயசுக்குள்ள மொத தடவை போடுற பிள்ளைக்கு ரெண்டு டோஸ், அப்புறம் வருசத்துக்கு ஒண்ணு. வைரஸ் மாறிட்டே இருக்கும்லா. மழைக்காலத்துலதான் இங்க ஃப்ளூ ஏறும், ஊசி பிடிக்க 2 வாரம் ஆகும். திங்கக்கிழமையே போட்டுரணும்

கணேசன்: காய்ச்சலோட ரயில் ஏத்தவா? வந்து போடலாம்

செல்வி: அதுல இருக்கது உசிரில்லாத வைரஸ். ஃப்ளூ வராது. ஒண்ணு ரெண்டு நாள் லேசா உடம்பு சுடலாம், 27க்குள்ள சரியாயிரும். ரயில்ல எத்தன பேரு இருமுவாங்க, அத யோசிங்க

ஆச்சி: (குரல் செய்தி 0:41)

சரவணன்: ஆச்சி கம்மல் வாங்கியாச்சான்னு கேக்காங்க. செல்வி அத்தை பிள்ளைக்கு வாங்குனது கறுத்துப் போச்சாம்

செல்வி: அத இப்ப எதுக்கு எடுக்காங்க

கணேசன்: அது நான் வாங்குனது இல்ல

முருகன்: அண்ணே விடுங்க

கணேசன்: மெசேஜ் வந்தும் போடலியே. பின்ன அது எதுக்கு?

செல்வி: சேர வேண்டிய கைக்குச் சேரலண்ணே. நியூயார்க்ல வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்க 660 பேர வச்சு இதே ரெண்டாவது டோஸுக்குப் பாத்திருக்காங்க, 2015ல வந்த ஆய்வு. தேதி எழுதுன சீட்டு மட்டும் குடுத்ததுல 57.1% பேர் வந்தாங்க. போனுக்கு மெசேஜும் போனதுல 66.7%. ரெண்டாவது ஊசி ஏன் வேணும்னு மெசேஜ்லயே சொன்னப்ப 72.7%. காரணம் தெரிஞ்சா தாய்மாரு மழையிலயும் தூக்கிட்டு வந்துருவாங்க. நான் வார்டுல தினம் பாக்கேன்

பேச்சி: எனக்கு வந்திருந்தா சரவணன்கிட்டயாவது காட்டிக் கேட்டிருப்பேன். இங்கிலீஷ்ல வந்தா எனக்குத் தெரியாது மதினி

செல்வி: தமிழ்ல நானே எழுதி அனுப்புதேன் தாயி. அடுத்த வருசத்துக்கும். கிளினிக்ல உன் நம்பர மாத்தச் சொல்லு

முருகன்: என் நம்பரும் இருக்கட்டும்

செல்வி: இருக்கட்டும். பேச்சி, அட்டை எங்க?

பேச்சி: அரிசி டின்ல, பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். திங்கக்கிழமை 11 மணிக்குப் போறேன்

கணேசன்: தண்ணி வடியுதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்

செல்வி: வடியலைன்னா செவ்வாய்க்கிழமை. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி

கணேசன்: பாப்போம்

முருகன்: காசு காலையில போட்டு விடுதேன்

பேச்சி: அத்தான், தம்பி நம்பர் அனுப்பவா?

கணேசன்: நாளைக்கு