புவி வெப்பமாவதற்குக் காரணம் சூரியனா, நாமா?

கேள்வி – பாளையங்கோட்டை வாசகர்

பூமி சூடாகிவருவதை என் மைத்துனர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு புகைபோக்கிகூட இல்லாத காலத்தில் பனியூழிகள் வந்து போயிருக்க, இப்போதைய சூட்டை மட்டும் மனிதன் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார். நிலவியல் படித்தவர் என்பதால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் இன்னதுதான் என்று பிரித்தறிய வழி உண்டா?

மறுமொழி – அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி, அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது எவரும் கரியமில வாயுவைக் குற்றம் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் அதே ஆறு பெருகியதும் எல்லோருக்கும் அதுவே விடையாகிவிட்டது. சூரியனை ஏன் யாரும் சந்தேகிப்பதில்லை?

மறுமொழி – வள்ளியூர், இயற்பியல் ஆசிரியர்

சந்தேகித்துத்தான் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளந்துவருகின்றன. ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் அது சற்றே ஏறி இறங்குகிறதே தவிர, பூமி சூடேறிய இந்தக் காலத்தில் அதற்கு ஏறுமுகம் இல்லை. இதைவிட வலுவான சான்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். ஆனால் நாம் வாழும் கீழடுக்கு சூடேறிக்கொண்டிருக்க, அதற்கு மேலுள்ள அடுக்குமண்டலம் குளிர்ந்துவந்திருக்கிறது. ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு. என்றாலும் கரியமில வாயு கூடினால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் உண்டாகும் என்று 1967ஆம் ஆண்டிலேயே காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில், காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன் 14 எஞ்சியிருக்காது. அதை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கார்பன் 14இன் விகிதம் நீர்த்துப்போவதை 1950களிலேயே கண்டறிந்தார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எரிமலைகள் உமிழ்வதோ மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பனியூழிகளை நடத்தியது பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நேரும் மாற்றம். அது பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் நடப்பது, ஒன்றரை நூற்றாண்டில் 1 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடக்கூடியது அன்று. நிலவியல் படித்தவருக்கு இந்த வேறுபாடு எட்டாததல்ல.

மறுமொழி – ஏரல்

அம்பை நண்பர் வெள்ளத்தைத் தொட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும் என்பதால் பெருமழைக்கு வலுச் சேர்கிறது என்பது சரி. அதற்காக அந்த மழை முழுவதும் வெப்பத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. குளங்கள் உடைந்ததும் ஓடைகள் அடைபட்டதும் தனி வழக்கு. எல்லாவற்றையும் வானத்தின்மேல் போட்டுவிட்டால் ஓடைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்பியவர்களுக்குத்தான் வசதி.