பட்டாணி ஏபிஎக்ஸ் என்சைம் பஃபர்ல ஓடுது, செம்பனை இலைச் சாறுல நின்னுடுது, ஏன்?

செம்பனைக்கன்னு (சுங்கை சிப்புட்):
வணக்கம். நான் தோட்டத்துப் பிள்ளை, இப்ப யூனில மாஸ்டர்ஸ் பண்றேன், செம்பனைக் கன்னு தண்ணி இல்லாம காயுறப்ப இலையில அஸ்கோர்பேட் பெராக்சிடேஸ், அதான் ஏபிஎக்ஸ், அஸ்கோர்பேட்டை (வைட்டமின் சி) செலவழிச்சு ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிற என்சைம், எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும். அப்பா வேலை செய்யுற நர்சரியிலதான் கன்னு எடுக்கிறேன். தண்ணி நிறுத்துன கன்னுலயும் சரி, தினம் ஊத்துன கன்னுலயும் சரி 290 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சல் கோடு இறங்கவே மாட்டேங்குது, என்சைம் ஓடுனா அஸ்கோர்பேட் குறைஞ்சு அது இறங்கணும். கன்ட்ரோலுக்கு (ஒப்பிட்டுப் பாக்க) ஈகோலை பாக்டீரியாவுல தயாரிச்ச பட்டாணி ஏபிஎக்ஸ் வெச்சிருக்கோம், அது வெறும் பஃபர்ல (பிஎச் மாறாம வெச்சிருக்கிற கரைசல்) நல்லா ஓடுது, இலைச் சாறு சேத்தா அதுவும் நின்னுடுது. புது என்சைம் டியூப் வாங்கலாம்னு சொல்றாங்க, அந்த விலைக்கு எனக்கு மனசே வரல. யாராச்சும் சொல்லுங்களேன்.

லேப்அண்ணே:
தங்கச்சி, வாங்காதீங்க. பஃபர்ல ஓடுதுன்னா என்சைம் நல்லாத்தான் இருக்கு, உங்க சாறுதான் அதை அடிக்குது, அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததே அந்த டியூப்தான். அரைச்ச கொஞ்ச நேரத்துல சாறு பழுப்பாகுதா? அப்படின்னா ஃபினாலிக், அதாவது என்சைமைக் கெடுக்கிற இலைப் பொருள், அதைப் பிடிச்சுக்க அரைக்கிற பஃபர்லயே பிவிபி பாலிமர் 1, 2 சதவீதம் போடுங்க. அதைவிட முக்கியம், அந்த பஃபர்ல 1 மில்லிமோலார் அஸ்கோர்பேட் இருக்கணும், அது இல்லாத இடத்துல ஏபிஎக்ஸ் நிக்காது, குளோரோபிளாஸ்ட்ல இருக்கிற வகை இன்னும் சீக்கிரமா போயிடும். கியூவெட்ல (அளக்கிற சின்னக் குப்பி) 0.5 மில்லிமோலார் அஸ்கோர்பேட்னா பெராக்சைடு ஊத்துறதுக்கு முன்னாடி 290-ல உறிஞ்சல் 1.4 பக்கம் காட்டணும் லா, ரொம்பக் குறைஞ்சா அஸ்கோர்பேட் பழசு, அன்னைக்கு அன்னைக்கு கரைங்க. இதெல்லாம் மாத்திட்டு தெரிஞ்ச யூனிட் (என்சைம் வேலை செய்யுற அளவு) பட்டாணி என்சைமை சாறுல போட்டு எவ்வளவு திரும்ப கிடைக்குதுன்னு பாருங்க, முழுசா கிடைச்சாதான் உங்க இலை நம்பரை நம்பலாம். என்சைம் போடாம ஒண்ணு ஓட்ட மறக்காதீங்க, பெராக்சைடு தானாவே கொஞ்சம் அஸ்கோர்பேட்டைத் தின்னும்.

புரோட்டீன்பாப்பா:
அண்ணே சொன்னது சரி. ஒண்ணு சேத்துக்கிறேன், சாறு எடுக்கிற பஃபர் கெடாம இருக்க யாராச்சும் சோடியம் அசைடு போட்டிருக்காங்களான்னு கேளுங்க, ஏபிஎக்ஸ்ல ஹீம், அதாவது வேலை நடக்கிற இரும்புப் பகுதி, இருக்கு, அசைடு அதைத் தடுத்துடும். அளக்கிறப்பவும் மில்லிகிராமை நம்பாதீங்க, யூனிட்டைப் பாருங்க, ஈகோலை புரோட்டீனை வேகமா செஞ்சுடும் ஆனா ஹீம் பத்தாம கொஞ்சம் புரோட்டீன் வேலை செய்யாத வெறும் கூடாவே நிக்கும். அப்புறம், பட்டாணி என்சைம் உங்க முறை சரியான்னுதான் சொல்லும், செம்பனை வறட்சியை எப்படித் தாங்குதுன்னு அதை வெச்சு எழுதிடாதீங்க.

நர்சரிமாமா (பாகான் செராய்):
பாப்பா, லேப் விஷயம் எனக்குத் தெரியாது, கன்னு தெரியும். தண்ணி நிறுத்துனா மட்டும் பத்தாது, ராத்திரி ஒரு மழை பெஞ்சா பாலிபேக் நனைஞ்சுடும், கூரைக்குக் கீழ வைங்க. எல்லாக் கன்னுலயும் மேலேருந்து ஒரே எண் மட்டையில, ஒரே நேரத்துல இலை வெட்டுங்க, காலையில வெட்டுனதையும் உச்சி வெயில்ல வெட்டுனதையும் கலக்காதீங்க. வெட்டுன இலை வெயில்ல வாடாம உடனே ஐஸ்ல போகணும், அப்பாகிட்ட சொன்னா பெட்டியோட பக்கத்துலயே நிப்பாரு.