டிராக்கன்ஸ்பெர்க்: முட்டிவலி அப்பா, ஏணி ஏறத் துடிக்கும் பையன், எங்கே போகலாம்?

மீனா_கோவை:
ஏப்ரல் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். ஒரு வார இறுதியை டிராக்கன்ஸ்பெர்க் மலைக்கு ஒதுக்கலாம் என்று எண்ணம். அப்பாவுக்கு 68 வயது, முட்டித் தேய்மானம். மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார். செங்குத்து ஏற்றம் என்றால் முடியாது. பையனுக்கு 12. இரும்பு ஏணியில் மலை ஏறும் வீடியோ பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. தங்கை வீட்டுக்காரர் சானி பாஸ் என்ற மலைக்கணவாய்க்குப் போகலாம் என்கிறார். எது சரிவரும்?

மலைக்கிறுக்கன்:
இரண்டும் வேண்டாம், அதே மலையில் இருக்கும் ஜயன்ட்ஸ் காசில் காப்பகத்துக்குப் போங்கள். டர்பனில் வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து வருகிற எல்லாரையும் நான் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

சானி பாஸ் உச்சி 2,876 மீட்டர். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். மேலே லெசோத்தோ நாடு, அதற்கு வீசா பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் முதுகையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த மலையின் மேல்பகுதி கருங்கல், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அதற்குக் கீழே வெளிறிய மணற்பாறை. அது அரித்துக் குடைந்த இடங்களில்தான் இந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்கள் தங்கினார்கள், வரைந்தார்கள். எல்லாரும் உச்சிக்கு அடித்துப்பிடித்து ஓடுகிறார்கள்; பார்க்க வேண்டியது பாதி வழியிலேயே இருக்கிறது. யுனெஸ்கோ 2000-இல் இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இயற்கையோடு இந்த ஓவியங்களையும் சேர்த்துத்தான் அறிவித்தது.

ஜயன்ட்ஸ் காசில் முகாமிலிருந்து ஓவியக் குகைக்கு ஆற்றோரமாக நல்ல பாதை. அப்பாவின் நடைக்குத் தோதானது, கைத்தடி இருக்கட்டும். உள்ளே வழிகாட்டி அழைத்துப்போவார். ஈலாண்ட் மான்களைச் செம்மண் நிறத்திலும் வெள்ளையிலும் நிழல் கொடுத்து வரைந்திருக்கிறார்கள். மான் தலையும் மனித உடலுமாகச் சில உருவங்கள் நிற்கும். பையன் அங்கே கட்டாயம் கேள்வி கேட்பான். மயக்கநிலையில் ஆவியுலகம் போய்வரும் மருத்துவர்கள் அவர்கள் என்பது டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் போன்ற ஆய்வாளர்களின் விளக்கம். தொடக்கூடாது, தண்ணீர் தெளிக்கக்கூடாது. ஒரு காலத்தில் வந்தவர்கள் நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று நனைத்தே பல ஓவியங்களைக் கெடுத்துவிட்டார்கள்.

வானத்தையும் பாருங்கள். தாடிக்கழுகு எலும்பைத் தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும். கண்ணில் படுவது அதிர்ஷ்டம்தான்.

தூரநடை_ரவி:
அண்ணன் சொல்வது அப்பாவுக்குச் சரி. பையனை ஏன் ஏமாற்றுகிறீர்கள்? தங்கை கணவரோடு அனுப்புங்கள். ஆனால் ஒன்று: ஏணி இருப்பது ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் வாயில் பக்கம் இல்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணப் பக்கமாகச் சுற்றி சென்டினல் கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும், கடைசிச் சாலை படுமோசம். அந்த இடமே சுமார் 2,500 மீட்டர் உயரம். ஏணி ஏறினால் மேலே சமவெளி. அதன் விளிம்பிலிருந்து துகேலா அருவி 948 மீட்டர் விழுகிறது. ஏப்ரலில் தண்ணீர் இருக்கும், குளிர்காலத்தில் (இங்கே ஜூன்–ஆகஸ்ட்) நூல்தான். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். புறப்படும் முன் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள்.

மலைக்கிறுக்கன்:
ரவி, ஏணியில் பயந்து நடுவில் உறைந்து நின்ற பெரியவர்களையே பார்த்திருக்கிறேன். முடிவு மீனாவுடையது. போனால் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இந்துமாக்கடலின் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலேறித்தான் கோடையில் (இங்கே டிசம்பர்–பிப்ரவரி) அடிக்கடி பிற்பகலில் இடி மின்னல். ஏப்ரல் கடைசியில் குறைந்துவிடும், ஆனாலும் நம்ப முடியாது. இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் மட்டும் போதாது.

மீனா_கோவை:
ரொம்ப நன்றி அண்ணா, ரவி. ஜயன்ட்ஸ் காசில்தான். ஏணியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பையனிடம் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அப்பா சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மலைக்கிறுக்கன்:
குடிலில் அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், தயிர் டர்பனிலேயே வாங்கிவிடுங்கள். ஜன்னலைச் சாத்தாமல் வெளியே போகாதீர்கள். பாபூன் குரங்குகள் வந்து தயிரோடு எல்லாவற்றையும் காலி செய்துவிடும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு சாலையில் மாடுகள் படுத்திருக்கும், இருட்டில் ஓட்டக்கூடாது.