புதுப்பிப்பு: இத்தாலியன் கடைக்குப் போய் வந்தாச்சு

வெள்ளிக்கிழமை, பெரிய கூட்டம், பாதிப்பேர் சைவம், யாழ்ப்பாணத்தில் புதிதாக வந்த அந்த இத்தாலியன் கடை சரிவருமா என்று போன கிழமை கேட்டிருந்தேன் அல்லவா, போய் வந்தாச்சு. பார்மிஜானோ சீஸைப் பற்றி எச்சரித்தவருக்கு நன்றி. அதைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், விதியே அப்படி, இதைக் கேட்டதும் மாமி மெனுவை மூடி வைத்துவிட்டார். பிறகு சமையற்காரரே வெளியே வந்து விசாரித்து, சீஸ் இல்லாமல் தக்காளியும் உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் போட்டு ஸ்பகெட்டி செய்து தந்தார். இடித்த செத்தல் மிளகாய் கேட்டு வாங்கித் தூவிய பிறகு மாமியின் கோப்பையில் ஓர் இழைகூட மிஞ்சவில்லை.

கார்பனாரா என்ற பாஸ்தாவில் கிரீம் எங்கே என்று மச்சான் சண்டைக்குப் போனான். ரோமில் முட்டை, பெக்கோரீனோ சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு, அவ்வளவுதான், கடையில் பிழை இல்லை. திராமிசு என்ற இனிப்பில் முட்டை இருப்பதால் சைவக்காரருக்கு ஐஸ்கிரீம்.

சரி, பில். 10 வீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள், அந்த மங்கல் வெளிச்சத்தில் அதைப் பார்க்காமல் மேலதிகமாக டிப்ஸ் வைக்கப் போன பெரியப்பாவை நான்தான் மறித்தேன். கூட்டமாகப் போகிறவர்கள் முதல் நாளே போன் எடுத்துச் சைவம் எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள்.