குழியடிச்சான் இலைப் புரதம்: ரிப்போர்ட் முழுக்க ரூபிஸ்கோ, என்ன செய்வது?

வேதாரண்யம் நாற்று: வணக்கம். உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லையும் ஏ.டி.டி. 43 நெல் ரகத்தையும் ஒப்பிட்டு, உப்பு ஏறும்போது எந்தெந்தப் புரதம் கூடுகிறது என்று பார்க்கிறேன். இலைப் புரதத்தை வெளி லேப் ஒன்றுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு (எடையை அளந்து புரதங்களை அடையாளம் காணும் முறை) அனுப்பினேன். பட்டியலின் மேலே எல்லாம் ரூபிஸ்கோ (ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி), அப்புறம் மற்ற ஒளிச்சேர்க்கைப் புரதங்கள். நான் தேடியது சொற்பம். கைடு மறுபடி அனுப்பச் சொல்கிறார். கட்டணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கருவியில் கோளாறா?

கொள்ளிடக்கரை: கருவி மேல் பழி போடாதீர்கள் தம்பி. நெல் இலையில் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோ ஒன்றே இருக்கும். வழக்கமான ஓட்டத்தில் கருவி, அளவில் அதிகமுள்ள பெப்டைடுகளைத்தான் (புரதத் துண்டுகள்) முதலில் பிடித்து உடைத்துப் பார்க்கும். கொஞ்சமாக இருப்பவற்றுக்கு முறை வராது. புரோட்டமின் சல்ஃபேட் சேர்த்தால் ரூபிஸ்கோ படிந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல்தெளிவை எடுங்கள். கூடவே வேறு சில புரதங்களும் போகும், அதனால் இரண்டு ரகத்துக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

மன்னார்குடி லேப்காரி: காசு கட்டுவதற்கு முன் ரா ஃபைலை, அதாவது கருவி பதிந்த மூலத் தரவை, கேட்டு வாங்குங்கள். 44 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடைவெளியில் வரிசையாகச் சிகரங்கள் தெரிந்தால் டிரைட்டான் மாதிரி டிடர்ஜென்ட் கலந்திருக்கிறது. இன்னொன்று, பெப்டைடுகளை எந்த நெல்லின் வரிசையோடு ஒப்பிட்டார்கள்? 2005-ல் வெளியான நெல் மரபணு வரிசை நிப்பான்பாரே என்ற ஜப்பானிகா ரகத்துடையது. நம்முடையது இண்டிகா என்ற வேறு பிரிவு. ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தாலே அந்தப் பெப்டைடு பொருந்தாமல் போகலாம். மறுபடி தேட புது சாம்பிள் தேவையில்லை.

வேதாரண்யம் நாற்று: வாங்கிப் பார்த்தேன் அக்கா. 44 இடைவெளி இல்லை. தேடியது ஜப்பானிகாவில் மட்டும்தான்! இண்டிகாவையும் சேர்த்ததில் பட்டியல் கொஞ்சம் நீண்டது, ரூபிஸ்கோ ஆதிக்கம் அப்படியே இருக்கிறது. அண்ணே, இலைக்குப் பதில் வேர் எடுக்கலாமா?

கொள்ளிடக்கரை: தாராளமாக. உப்பு முதலில் தொடுவதே வேரைத்தான், ரூபிஸ்கோ தொல்லையும் இல்லை. ஆனால் வயலில் பிடுங்கிய வேர் வேண்டாம். மண்ணின் ஹியூமிக் பொருளும் (மட்கிய கரிமப் பொருள்) நுண்ணுயிர்ப் புரதமும் ஒட்டிக்கொண்டு வரும். சத்துக்கரைசலில் நாற்று வளர்த்து உப்பு கொடுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் உப்பு கொடுத்ததில் மூன்று, கொடுக்காததில் மூன்று என்று தனித்தனியாக வளர்த்த தொகுப்புகளாவது வேண்டும். செலவு என்று கைடு இழுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேதாரண்யம் நாற்று: சரி அண்ணே. கோடையில் எப்படி அனுப்புவது? போன தடவை ஐஸ் பாதி வழியில் தண்ணீராகிவிட்டது.

மன்னார்குடி லேப்காரி: இங்கேயே ட்ரிப்சின் (புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டும் நொதி) போட்டு, உப்பு நீக்கி, பெப்டைடை வேக்குவமில் நன்றாக உலர்த்தி அனுப்புங்கள். அந்த நிலையில் வெயில் அவ்வளவாகக் கெடுக்காது. லேப் அப்படி வாங்கிக்கொள்ளுமா என்று மட்டும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.