பிஎச்பி பக்கம் மைஎஸ்கியூஎல்லோடு சேர மறுக்கிறது, 2002 பிழை, அவசரம்

மொட்டைமாடி:
வணக்கம். மாமா கடைப் பாக்கிக் கணக்குக்கு, வெப் பக்கம் எழுதும் மொழியான பிஎச்பியில் ஒரு சின்னப் பக்கம் எழுதியிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. புது லேப்டாப்பில் போட்டால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு சேரவே மாட்டேன் என்கிறது. கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. பிழை இதுதான்: எஸ்கியூஎல்ஸ்டேட் எச்ஒய்000, 2002, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. ஃபைல் எல்லாம் அந்தந்த ஃபோல்டரில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சாயங்காலம் மாமாவிடம் காட்ட வேண்டும்.

காவேரிக்கரை:
என்ன ஓஎஸ்? பிஎச்பி வெர்ஷன் என்ன? கனெக்‌ஷன் வரியில் ஹோஸ்ட், அதாவது டேட்டாபேஸ் இருக்கும் மெஷின், என்று என்ன கொடுத்திருக்கிறீர்கள்? பாஸ்வேர்டை அழித்துவிட்டு அந்த வரியை மட்டும் போடுங்கள்.

சிவப்புப்பேனா:
பாஸ்வேர்ட் தப்பாக இருக்கும். எனக்கு எப்போதும் அதுதான்.

காவேரிக்கரை:
பாஸ்வேர்ட் தப்பென்றால் 1045 வரும். 2002 என்றால் சர்வரின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை.

நடுநிசி:
ஃபயர்வால்தான். மைஎஸ்கியூஎல்லின் நெட்வொர்க் வாசலான 3306 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

மூத்தநிரலன்:
ஒரே மெஷினுக்குள் பேசுவதற்கு எதற்கய்யா ஃபயர்வாலைத் தொட வேண்டும்? தம்பி, அந்தப் பிழை சொல்கிற ஃபைல் உங்கள் பிஎச்பி ஃபைல் அல்ல, ஒரே மெஷினுக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழியான சாக்கெட் ஃபைல். மேனுவலில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதைத் திறக்காமலே இங்கே ஓடி வருகிறவர்களுக்குப் பதில் எழுதி அலுத்துவிட்டது.

மொட்டைமாடி:
முன்பு விண்டோஸ், இப்போது உபுண்டு. டேட்டாபேஸோடு பேச பிஎச்பியின் பிடிஓவைப் போட்டிருக்கிறேன். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே மெஷின். யூசர் ரூட், முழு அதிகாரம் உள்ளவர். பாஸ்வேர்ட் காலி. இதெல்லாம் முக்கியமா?

காவேரிக்கரை:
இதுதான் முக்கியம். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போகாது. டிஸ்கில் இருக்கும் ஒரு சாக்கெட் ஃபைலைத் தேடிப் போகும். விண்டோஸில் அதே பெயர் டிசிபி, அதாவது நெட்வொர்க், வழியாகப் போய்விடும். அதனால்தான் அங்கே ஓடிய கோட் இங்கே நிற்கிறது. இப்போது சொல்லுங்கள்: மைஎஸ்கியூஎல்லை எப்படி இன்ஸ்டால் செய்தீர்கள்? பிஎச்பியை எப்படி?

சிவப்புப்பேனா:
இவ்வளவு தலைவலி எதற்கு? பிடிஓவை விட்டுவிட்டு பழைய மைஎஸ்கியூஎல் கனெக்ட் ஃபங்ஷனைப் போடுங்கள். ஒரே வரி, வேலை முடிந்தது.

மூத்தநிரலன்:
அந்த ஃபங்ஷனை பிஎச்பி 7.0இலேயே தூக்கிவிட்டார்கள். அது வந்தது 2015 டிசம்பரில். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

சிவப்புப்பேனா:
சரி, அதற்குப் பதிலாக வந்த மைஎஸ்கியூஎல்ஐ இருக்கிறதே. மைஎஸ்கியூஎல்லுக்கென்றே செய்தது.

மூத்தநிரலன்:
நாளைக்கு போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாற வேண்டுமென்றால் முழுக்கத் திருப்பி எழுதுவீர்களா? பிடிஓ என்றால் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டில், அதாவது மதிப்புக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதும் கட்டளையில், பெயர் வைத்தே மதிப்பைக் கொடுக்கலாம்.

நடுநிசி:
கடைப் பாக்கி நோட்டு போஸ்ட்கிரெஸுக்கு மாறப்போகிறதாம்! அது இருக்கட்டும், பிடிஓ மைஎஸ்கியூஎல்லோடு பேசும்போது பிரிப்பேரை சர்வரிடம் அனுப்புவதே இல்லை. நாமாக எமுலேட் பிரிப்பேர்ஸ் என்ற அமைப்பை அணைக்காதவரை எல்லாம் பாவனைதான். அது தெரியுமா?

மூத்தநிரலன்:
தெரியும். நீங்கள் மேனுவலைத் திறந்ததில் எனக்கும் மகிழ்ச்சி.

மொட்டைமாடி:
அண்ணா, உபுண்டுவின் இன்ஸ்டால் கருவியான ஏபிடி வழியாக மைஎஸ்கியூஎல் ஏற்கெனவே போட்டிருந்தேன். அப்புறம் வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாம் ஒன்றாக வரும் ஸாம்ப் போட்டேன். ஸாம்ப்பில் வெப் சர்வரான அப்பாச்சி ஓடுகிறது, மைஎஸ்கியூஎல் மட்டும் பச்சையாகவில்லை. அதுதான் வேறு ஒன்று ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். டெர்மினலில் சூடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) போட்டு மைஎஸ்கியூஎல் என்று அடித்தால் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடுகிறது. டேபிளெல்லாம் அங்கே இருக்கிறது.

காவேரிக்கரை:
இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் ஃபயர்வால் வரை போயிருக்க மாட்டோம். உங்களிடம் இரண்டு டேட்டாபேஸ் சர்வர் இருக்கிறது. உபுண்டுவுடையது 3306ஐப் பிடித்துக்கொண்டதால் ஸாம்ப்புடையது, அது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி, எழுந்திருக்கவில்லை. ஆனால் பக்கத்தை ஓட்டுவது ஸாம்ப்பின் பிஎச்பி. அது ஓபிடி ஃபோல்டருக்குள் லாம்ப் என்ற இடத்தில் தன் வீட்டு சாக்கெட்டைத் தேடுகிறது. ஓடாத சர்வருக்கு சாக்கெட் ஏது? ஓடுகிற சர்வரின் சாக்கெட் வார் ரன் ஃபோல்டருக்குள் இருக்கிறது. ஹோஸ்டை 127.0.0.1 என்று மாற்றிப் பாருங்கள், அதுவும் இதே மெஷின்தான், ஆனால் சாக்கெட்டைத் தேடாமல் டிசிபி வழியாகப் போகும். வேறு பிழை வரும், பயப்படாதீர்கள்.

மொட்டைமாடி:
மாற்றினேன். 1698, ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் ரூட். டெர்மினலில் மட்டும் எப்படி விடுகிறது?

சிவப்புப்பேனா:
பாஸ்வேர்ட் என்று அப்போதே சொன்னேனே.

காவேரிக்கரை:
இதுவும் பாஸ்வேர்ட் இல்லை. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் ரூட்டுக்கு ஆத் சாக்கெட் என்ற முறை. சாக்கெட் வழியாக வருகிற லினக்ஸ் யூசர் ரூட்தானா என்று மட்டும் பார்க்கும். சூடோ போட்டால் நீங்கள் ரூட், உள்ளே போகலாம். வெப் சர்வர் வேறு யூசரில் ஓடுகிறது, அதிலும் இப்போது டிசிபி வழியாக வருகிறது, விடவே விடாது. ரூட்டுக்கு அந்த முறையை மாற்றச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள், அதைச் செய்ய வேண்டாம். உள்ளே போய் கிரியேட் யூசர் கொடுத்து, பாஸ்வேர்டோடு தனி யூசர் ஒன்று உண்டாக்குங்கள். அனுமதி தரும் கிராண்ட் கட்டளையில் பாக்கிக் கணக்கு டேட்டாபேஸை மட்டும் கொடுங்கள். கோடில் ரூட்டுக்குப் பதில் அந்த யூசர்.

நடுநிசி:
கையோடு சார்செட், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யுடிஎஃப்8எம்பி4 என்றும் சேர்த்துவிடுங்கள். பழைய யுடிஎஃப்8இல் தமிழ் ஏறாது.

மூத்தநிரலன்:
ஏறும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், பழையதும் 3 பைட் வரை கொள்ளும். 4 பைட் கேட்பது எமோஜி. எம்பி4 போடச் சொன்னது சரி, சொன்ன காரணம் தப்பு.

மொட்டைமாடி:
ஓடுது! தனி யூசர் போட்டேன். நன்றி அண்ணா. கடைக்குக் கிளம்புகிறேன்.

காவேரிக்கரை:
நல்லது. ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் பட்டனைத் தொடாதீர்கள். முடிந்தால் ஸாம்ப்பை எடுத்துவிட்டு பிஎச்பியையும் ஏபிடியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்புப்பேனா:
மைஎஸ்கியூஎல்ஐயிலும் 8.1லிருந்து எக்ஸிக்யூட்டுக்குள்ளேயே எல்லா மதிப்பையும் ஒரே அரேயாக, அதாவது பட்டியலாக, கொடுக்கலாம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

மூத்தநிரலன்:
பெயர் வைத்துக் கொடுக்க முடியுமா? முடியாது. அதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.