எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடைக்கு எந்த டார்ச் வாங்கலாம்?

தூரப்பயணி:
அக்டோபர் நடுவில் நானும் மனைவியும் நேபாளம் போகிறோம். லுக்லாவில் இறங்கி எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடை. ஏஜென்சி கொடுத்த பட்டியலில் "நல்ல ஹெட்லேம்ப், கூடுதல் பேட்டரி" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சரி பார்ப்போம் என்று ஆன்லைனில் தேடினால் 799 ரூபாய்க்கு ஒரு லட்சம் லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று ஒருத்தர் விற்கிறார், இன்னொருத்தர் வெறும் 400 லூமென் என்று போட்டு அதற்குப் பத்து மடங்கு விலை கேட்கிறார், எதை நம்புவது என்றே புரியவில்லை. தலையில் மாட்டுவதா, கையில் பிடிப்பதா? சார்ஜ் செய்வதா, செல் போடுவதா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் வரை செலவு பண்ணலாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டைடார்ச்:
அந்த ஒரு லட்சம் லூமென் விளம்பரத்தை முதலில் மூடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் டார்ச்சில் அவ்வளவு வெளிச்சம் வந்தால் பிடித்திருக்கிற கை வெந்துபோகும். பேட்டரியிலும் இதே கதைதான். 18650 என்கிற பேட்டரி, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது, நல்ல கம்பெனி தயாரிப்பென்றால் அதன் கொள்ளளவு பொதுவாக 3500 எம்ஏஎச் வரைதான் இருக்கும். மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அது புளுகு, யோசிக்கவே வேண்டாம்.

நல்ல கம்பெனிக்காரர்களும் பெட்டியில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள், அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. அதன்படி லூமென் அளப்பது டார்ச்சைப் போட்டு முப்பது விநாடிக்குப் பிறகு. "இத்தனை மணி நேரம் எரியும்" என்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் உள்ள நேரம். ஆக 400 லூமென், நூறு மணி நேரம் என்று ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டும் ஒன்றாக நடக்காது, அந்த நூறு மணி கடைசி மங்கல் மோடில். "150 மீட்டர் தூரம் அடிக்கும்" என்பதும் அப்படித்தான், அந்தத் தூரத்தில் விழுவது பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம். உருப்படியாகப் பார்க்க அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் நடக்க 100 லூமென் தாராளம். எப்போதாவது வழி தேட 300. அறைக்குள் 5 லூமென் போதும், பலர் இதைக் கவனிக்கவே மாட்டார்கள், அப்புறம் நடுராத்திரி பையைத் திறக்க 200 லூமெனைப் போட்டு பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடுவார்கள். அதனால் அதிகபட்சம் எவ்வளவு என்பதைவிட குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

நெல்லைக்காரி:
அண்ணா சொன்னது சரி, ஆனால் அந்த ஊர்க் கணக்கு கொஞ்சம் தனி. நான் போனதும் அக்டோபரில்தான்.

டார்ச் முதலில் தேவைப்படுவது மலையில் இல்லை, காத்மாண்டுவிலேயே. சீசனில் லுக்லா விமானம் பெரும்பாலும் ராமேசாப் பக்கம் மந்தலியிலிருந்துதான் கிளம்பும், அங்கே போய்ச் சேர காத்மாண்டுவில் நடுராத்திரியே வேனில் ஏற வேண்டும், மூட்டை முடிச்சு ஏற்றுவதெல்லாம் இருட்டில். அடுத்தது டீ ஹவுஸ், அதாவது வழியில் தங்கும் விடுதி, அதன் கழிப்பறை. மேலே போகப் போகப் பல இடங்களில் அது கட்டடத்துக்கு வெளியே இருக்கும், வாளித் தண்ணீர் சிந்தித் தரை ஐஸாகிக் கிடக்கும், ஒரு கையில் டிஷ்யூ, மறு கையில் சுவர். கையில் பிடிக்கும் டார்ச்சை அப்போது வாயில்தான் கவ்வ வேண்டும். ஹெட்லேம்ப் வாங்குங்கள், வேறு பேச்சே இல்லை.

மூன்றாவது, காலா பத்தர், எவரெஸ்ட்டைப் பார்க்க ஏறும் மேடு. அதன் அடிவாரத்தில் தங்கும் இடமான கோரக் ஷெப்பே 5,164 மீட்டர், அங்கிருந்து விடியலைப் பார்க்க நாலு, நாலரைக்குக் கிளம்புவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர், கையில் தடித்த உறை. அந்த உறையோடு பட்டனை அமுக்க முடிகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். சின்ன ரப்பர் பட்டன் ஒன்றையே விதவிதமாக அமுக்கி மோடு மாற்றுகிற மாடல் அங்கே உயிரை வாங்கும்.

சிவப்பு விளக்கு உள்ளதாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகியது கெடாது, சாப்பாட்டு மேசையில் எதிரில் இருப்பவர் கண்ணிலும் குத்தாது.

ஜன்னலோரசீட்:
போன் டார்ச்சே போதும் பாஸ், எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி.

நெல்லைக்காரி:
ஜன்னலோரசீட், 5,000 மீட்டரில் குளிரில் போன் 40 சதவீதத்தில் பட்டென்று அணைந்துவிடும். படம் எடுக்க, மேப் பார்க்க, வீட்டுக்குப் பேச எல்லாமே அந்த ஒரு போன்தான். அதையே டார்ச்சாகவும் கையில் நீட்டிக்கொண்டு இறங்கினால், வழுக்கும்போது முதலில் பறக்கப்போவது அதுதான்.

தூரப்பயணி:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஹெட்லேம்ப் என்று முடிவாகிவிட்டது. பேட்டரி விஷயம் மட்டும் இன்னும் குழப்பம். மேலே சார்ஜ் செய்யக் காசு வாங்குவார்கள் என்கிறார்களே?

கட்டைடார்ச்:
வாங்குவார்கள், உயரம் கூடக் கூட விலையும் கூடும். அதனால் என் ஓட்டு இரண்டும் ஏற்கும் மாடலுக்கு. பெட்ஸல் ஆக்டிக் கோர் மாதிரி சிலவற்றில் அதோடு வரும் சார்ஜ் பேட்டரியையும் போடலாம், அதைக் கழற்றிவிட்டு மூன்று ரிமோட் செல்லையும், அதாவது டிரிபிள் ஏ, போடலாம். அந்த செல் வழியில் உள்ள நாம்ச்சே ஊரில்கூடக் கிடைக்கும். பட்ஜெட்டுக்குள் வராவிட்டால் டெகத்லான் விளையாட்டுச் சாமான் கடையில் போய்ப் பாருங்கள், கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தே வாங்கலாம்.

சாதாரண அல்கலைன் கட்டை குளிரில் படுத்துவிடும், போட்டு மறந்தால் கசிந்து உள்ளே பச்சை பூத்துப் போகும். எனலூப் போன்ற ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் என்றாலும் குளிரை அதைவிட நன்றாகத் தாங்கும். மாற்று செட்டாக எனர்ஜைசர் லித்தியம் ஒன்று வைத்திருங்கள், விலை அதிகம், ஆனால் மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், எடையும் குறைவு. எதுவாக இருந்தாலும் ராத்திரி தூக்கப்பைக்குள் உங்களோடு தூங்கட்டும். ஜில்லென்று இருக்கும் லித்தியம் அயனை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

சாளரம்_77:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. டைப்-சி துளை இருக்கிறதே என்று வாங்கும் விலை குறைந்த விளக்குகள் சில, இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். கூடவே வந்த ஏ-டு-சி கேபிளில் மட்டும் ஏறும். வீட்டிலேயே உங்கள் பவர் பேங்கில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

விமானத்தில் தனி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எதுவும் செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி டப்பாவில் போடுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை, ஒரு 18650 பேட்டரி சுமார் 12.6 வாட் ஹவர்தான். ஹெட்லேம்பையும் கைப்பையில் வைப்பதே நல்லது. லாக் மோடு இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், பைக்குள் தானாக எரிந்தால் சூடு ஏறும். முன்பக்கம் பல் பல்லாக இருக்கும் "டாக்டிகல்" டார்ச் மட்டும் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் வீண் வாக்குவாதம்.

தூரப்பயணி:
கடைசிக் கேள்வி, காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே, அங்கே போய் வாங்கினால் என்ன?

நெல்லைக்காரி:
ஜாக்கெட், தூக்கப்பை எல்லாம் அங்கே வாடகைக்கு எடுங்கள், தப்பில்லை. ஹெட்லேம்ப் வேண்டாம். தமேலில் பிராண்ட் பெயர் போட்ட போலி நிறைய, பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இங்கேயே வாங்கி ஒரு வாரம் மொட்டை மாடியில் ராத்திரி நடந்து பாருங்கள், பட்டை நெற்றியில் வழுக்குகிறதா, கீழே சாய்த்தால் அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் அளவு ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் போதும், தூறலையும் பனியையும் தாங்கும். அப்புறம் மூடுபனியில் நெற்றி விளக்கு கண்ணுக்கு நேராக வெள்ளைச் சுவர் மாதிரி திரும்ப அடிக்கும், அப்போது கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடியுங்கள், பாதை தெரியும்.

தூரப்பயணி:
சரி, சனிக்கிழமை கையுறையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். எதை வாங்கினோம் என்று இங்கேயே போடுகிறேன்.